கடைமடைக்கு வந்து சேராத லட்சங்கள்

மற்றவர்கள் எழுதிய கணக்கில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. திருச்சி தில்லை நகரில் முப்பது வருடமாக ஆடிட்டர் தொழில். "இந்தச் செலவுக்கு என்ன வரவு?" என்று நாளைக்கு இருபது முறையாவது யாரையாவது கேட்டுவிடுவேன். அதே கேள்வியை என் வீட்டு மாடியில் இருக்கும் ஆடியோ சிஸ்டத்தைப் பார்த்துக் கேட்க எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது.

கேட்கவைத்தவள் என் மனைவி. ரிட்டர்ன் தாக்கல் எல்லாம் முடிந்து மூச்சுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் விலையை போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள், "ஏங்க, உங்க கிளையன்ட் யாராவது இப்படிச் செலவு பண்ணிட்டு வந்தா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, பழைய பில் கோப்பை எடுத்தேன். ஆடிட்டர் வீடு, பில்லுக்குப் பஞ்சமில்லை.

2006இல் முதல் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும், 62,000 ரூபாய். 2009இல் ஸ்பீக்கர் கேபிள் 18,500. 2011இல் பவர் கேபிளும் பவர் கண்டிஷனரும் 41,000. 2013இல் இரண்டு மடங்கு வாட் உள்ள ஆம்ப்ளிஃபயர் 1,45,000. 2015இல் டாக், அதாவது டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் பெட்டி, 68,000. 2016இல் கருவிகளுக்கு அடியில் வைக்கும் பித்தளைக் கூம்புகள் 9,500. 2018இல் அளவெடுக்கும் மைக் 9,800, அறைச் சுவருக்கான வேலை 16,200. 2019இல் பெங்களூரில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கிய பழைய, பெரிய ஸ்பீக்கர்கள் 2,10,000. 2021இல் சப்வூஃபர் 52,000. கூட்டினால் 6,32,000 ரூபாய். ஊருக்கு இது பைத்தியக்காரத்தனம். ஹை-எண்ட் ஆடியோ பித்தர்களின் உலகத்திலோ இது வாசற்படி.

தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டேன். 'காதுக்கு வரவு' என்று தலைப்பு. ஒவ்வொரு வாங்கலுக்கும் எதிரே, அன்று கடையில் நினைத்ததை விட்டுவிட்டு இன்று உண்மையாகக் கேட்பதை எழுதினேன். எழுதி முடித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நான் மேற்கொண்டது அத்தனையும் தலைகீழ் வரிசை.

மேட்டூரிலிருந்து வயல் வரை

எங்கள் ஊர்க்காரருக்கு இதைக் காவிரியை வைத்துச் சொன்னால் புரியும். மேட்டூர் அணைதான் பாட்டு தொடங்கும் இடம்: சி.டி., இசைத்தட்டு, கைப்பேசி வழி வரும் இசை. முக்கொம்பும் கல்லணையும் ஆம்ப்ளிஃபயர். வந்த தண்ணீரை வேண்டிய அளவில் திறந்துவிடும். வாய்க்கால்தான் கேபிள். மடை ஸ்பீக்கர். வயல், நீங்கள் உட்கார்ந்து கேட்கும் அறை. டெல்டாவில் எத்தனை வருடமாக ஒரே புலம்பல்? "அணையில தண்ணி இருக்கு, கடைமடைக்கு வந்து சேரலை." ஆடியோவிலும் அதே கதைதான். கடைமடையில் மடை அடைத்து, வயல் மேடும் பள்ளமுமாகக் கிடக்க, நான் பத்து வருடம் மேட்டூருக்கும் கல்லணைக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிச் செய்ததற்கு ஒரு பழைய உபதேசம் காரணம். 1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் எல்.பி.12 என்ற இசைத்தட்டுச் சுழலியைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபென்பிரன் 'தொடக்கத்துக்கே முதலிடம்' என்று வாதிட்டார். இசைத்தட்டிலிருந்து எடுக்கும்போதே தொலைந்துபோனதை, பின்னால் வரும் எந்தக் கருவியாலும் திருப்பித் தர முடியாது என்பது அவர் கட்சி. அந்தக் காலத்துக்கு அது நியாயம். சுழலும் தட்டின் வேகம் கொஞ்சம் தடுமாறினாலும் வயலின் அழும். மோட்டாரின் உறுமல் ஊசி வழியே பாட்டுக்குள் ஏறும். நல்ல சுழலிக்கும் மட்டமான சுழலிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

1982இல் பிலிப்ஸும் சோனியும் சி.டி.யைக் கொண்டுவந்த பிறகு நிலவரம் மாறிவிட்டது. ஒரு விநாடிக்கு 44,100 முறை அளவெடுத்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதும் முறை அது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி அதில் அடங்கும். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாமும் அடங்கும். இன்று சில ஆயிரம் ரூபாய் டாக்கூட அந்த எண்களை அப்படியே ஒலியாக்கிவிடுகிறது. மேட்டூர் நிரம்பி நாற்பது வருடம் ஆகிறது. உபதேசம் மட்டும் பழைய வறட்சிக் காலத்துடையது.

ஆகவே நான் சொல்லவந்தது ஒரே ஒரு விஷயம்: காசு செலவழிக்கும் வரிசை கடைமடையிலிருந்து மேலே போக வேண்டும். வயல், மடை, அதற்கப்புறம்தான் அணை.

வயல்

என் மாடி அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் தரை. 2018இல் நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பார்த்தேன். தட்டல் நின்ற பிறகும் 'டிர்ர்ர்' என்று ஒரு வால் சுவருக்குச் சுவர் ஓடியது. அதுதான் எதிரொலிப்பு. எந்த ஆம்ப்ளிஃபயரை வைத்தாலும் இந்த 'டிர்ர்ர்' எஸ்.பி.பி.யின் குரல் மேலேயும் ஏறி உட்காரும்.

இதை முதலில் அறிவியலாக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாலஸ் சேபின். 1895இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரைக் கூடம், பேசுவது ஒன்றும் புரியாமல் கிடந்தது. ஒரு சத்தம் அடங்க ஐந்தரை விநாடி அளவு பிடித்தது. அதற்குள் பேசுபவர் ஒரு வாக்கியமே முடித்திருப்பார். சேபின் இரவில், ஊர் அடங்கிய நேரத்தில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அந்தக் கணக்கை வைத்து அமைத்ததுதான் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால். உலகின் நல்ல இசை அரங்குகளில் ஒன்று என்று இன்றும் பெயர். அதன் மூலவித்து, மெத்தை!

நம் வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஸ்பீக்கர் விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் உட்கார்ந்து கேட்கிறார்கள். தாழ்ந்த ஒலியில் கொஞ்சம் அந்தப் பலகையை அசைத்துக் கரைந்துவிடும், கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அசையாது. பேஸ் முழுவதும் உள்ளேயே கிடந்து சுற்றும். அவர்களுக்கு 'அளவான பேஸ்' தரும் ஸ்பீக்கர் நமக்கு அண்டா உருட்டுவதுபோல் கேட்பது இதனால்தான்.

கணக்காகவே சொல்கிறேன். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடும். 14 அடி என்பது 4.27 மீட்டர். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 8.54 மீட்டர். 345ஐ 8.54ஆல் வகுத்தால் 40. அதாவது 40 ஹெர்ட்ஸ் ஒலி என் அறைக்குள் ஊஞ்சல் மாதிரி தன்னைத்தானே உந்திக்கொண்டு பெரிதாகும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அடுத்த கம்பி 55. என் பத்தடி உயரத்துக்கு வரும் கணக்கோ 57. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லும் என்பது நமக்குத் தெரியும். என் அறையில் அந்தக் கதையில் இரண்டு வார்த்தை கத்தலாகவும் மீதி முணுமுணுப்பாகவும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதைவிட வேடிக்கை, இந்த ஊஞ்சலுக்கு அறையின் நட்டநடுவில் அசைவே இருக்காது. சுவரை ஒட்டினால் உச்சம். என் நாற்காலி பின்சுவரில் சாய்ந்திருந்தது. அதை இரண்டு அடி முன்னால் இழுத்தேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளினேன். அரைமணி வேலை, செலவு பூஜ்யம். 1,45,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயர் காட்டியதைவிடப் பெரிய மாற்றம் அந்த அரைமணியில் வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, கண்ணாடி வித்தை. நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலியின் முதல் எதிரொலிப்பு உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே பென்சிலால் ஒரு குறி. என் மனைவி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு டிகிரி வேற படிச்சிருக்கீங்க" என்றாள்.

குறி போட்ட இடங்களுக்கு எங்கள் தெருத் தச்சரை வைத்து மரச்சட்டங்கள் செய்தேன். உள்ளே இரண்டு அங்குல ராக் வூல் பலகை, ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ எடையுள்ள வகை. மூலைகளில் நான்கு அங்குலம். வெளியே கதர்த் துணி. ராக் வூலை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். தூள் தோலில் பட்டால் அரிக்கும். வேலை பாதியில் தச்சர் நிமிர்ந்து, "சார், இது கதவா, மெத்தையா? எனக்குத் தெரிஞ்சாத்தான் கூலி சொல்ல முடியும்" என்றார். எல்லாம் சேர்த்து 16,200.

காசு போடப் பிடிக்காதவருக்கு வீட்டிலேயே சரக்கு உண்டு. புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி, சுவரோடு நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, கனமான திரை எல்லாமே கை கொடுக்கும். ஜமக்காளம் மெல்லியது, கூர்மையான ஒலியை மட்டும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். முட்டை அட்டையை ஒட்டுவது வீண். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். நாலு அங்குலப் பலகை அதை ஒன்றும் செய்யாது. அதற்கு நாற்காலியின் இடம்தான் மருந்து. பிறகு, அளந்து பார்த்து உப்பிய இடத்தை ஈக்வலைசரால் குறைப்பது. அளக்க 'ரூம் ஈ.க்யூ. விசார்ட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மைக் மட்டும் வாங்கினால் போதும். உப்பியதைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அந்த இடத்தில் அறையே ஒலியை ரத்து செய்துகொண்டிருக்கும்.

பலகைகள் மாட்டிய மறுநாள், மாடிக்குத் துணி காயப்போட வந்த என் மனைவி அறை வாசலில் நின்றாள். அவள் ஐம்பது தடவையாவது கேட்ட பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அந்த வரியில இப்படி ஒரு வார்த்தை இருக்கா?" என்றாள். என் கணக்குப் புத்தகத்தில் 'காதுக்கு வரவு' பத்தியில் முதல் உருப்படியான பதிவு அதுதான்.

மடை

அறைக்கு அடுத்து ஸ்பீக்கர். காரணம் எளிது. ஆம்ப்ளிஃபயர் ஒலியைத் திரிப்பது நூறில் ஒரு சதவீதம், ஆயிரத்தில் ஒரு சதவீதம் என்ற கணக்கில். ஸ்பீக்கரோ மின்சாரத்தை வாங்கி ஒரு கூம்பை முன்னும் பின்னும் ஆட்டிக் காற்றைத் தள்ள வேண்டும். தாழ்ந்த சுரத்தில் சத்தம் கூட்டினால் அதன் திரிபு முழுச் சதவீதத்தில் போகும். பெட்டிக்குப் பெட்டி குரலே மாறும். எந்த இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோல் ஒலிக்காது; நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டைப் பிரித்துச் சொல்வதே கடினம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற ஆய்வாளர் பல வருடம் இதற்கே செலவிட்டார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, எது எது என்று சொல்லாமல் மதிப்பெண் போடச் சொன்னார். பெரும்பாலானோர் விரும்பியது ஒரே வகையை: எந்தச் சுரத்தையும் ஏற்றாமல் இறக்காமல் தரும், பக்கவாட்டிலும் அதே சீராக ஒலிக்கும் பெட்டி. பிறகு ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் இன்னொரு சோதனை. அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஒரு முறை திரையோடு, ஒரு முறை திரையில்லாமல். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய விலை குறைந்த சின்னப் பெட்டி, கண்ணில் பட்டதும் சரிந்தது. பெரிய, பளபளப்பான பெட்டிகள் ஏறின. காது கேட்டதைக் கண் திருத்தி எழுதிவிட்டது. எங்கள் தொழிலில் இதற்குக் கடுமையான பெயர் உண்டு.

கடைக்குப் போகும்போது குண்டு வெடிக்கும் சினிமாக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். வெடி எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மனிதக் குரல் போடுங்கள். பி.பி.சி. 1970களில் எல்.எஸ். 3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக வடிவமைத்தது. பேச்சுக் குரல் நேர்மையாக வர வேண்டும் என்பதுதான் அதன் முக்கிய வேலை. ஐம்பது வருடம் கழித்தும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குரலுக்கு அடுத்து நான் போடுவது தம்பூரா. நான்கே கம்பி, ஆனால் அதற்கு மேல் எழும் இழைகள் சலசலவென்று உதிராமல், தனித்தனியாக மினுங்க வேண்டும். மூன்றாவது, 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கீச்சிட்டால் அந்த ஸ்பீக்கர் எனக்கு வேண்டாம்.

ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன், இருக்கிற ஸ்பீக்கரின் பின்பக்கத்தை ஒரு முறை பாருங்கள். 2006இல் கடையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்த பையன், ஒரு பெட்டியில் சிவப்பையும் கருப்பையும் மாற்றிச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார். மூன்று வருடம் அப்படியே கேட்டேன். "பேஸ் போதவில்லை" என்று 18,500 ரூபாய் கேபிள் வாங்கினேன். கேபிளை மாற்றும்போது தானாகவே சிவப்பு சிவப்போடு சேர்ந்தது, பேஸ் வந்தது. "ஆகா, என்ன கேபிள்!" என்று பத்துப் பேரிடம் சொன்னேன். அந்தப் பத்துப் பேரும் மன்னிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பின் விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். அது நுரைப்பொருளாக இருந்தால் நம் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் அவல் மாதிரி உதிரும். என் பெங்களூர் ஸ்பீக்கருக்கும் அதுதான் நடந்தது. பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் பாய் விளிம்பை மட்டும் மாற்றிக் கொடுத்தார். "தூக்கிப் போட்டுடாதீங்க சார். கூம்பு தங்கம், வளையம்தான் போச்சு" என்றார் பாய். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் தாங்கும்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கும் செலவில்லாத வழி உண்டு. அதைத் தூக்கி உங்கள் நாற்காலியில் வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் பாட்டைப் போட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அதுதான் சப்வூஃபருக்கான இடம். நான் முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரு கிளையன்ட் மாடியேறி வந்துவிட்டார். "சார், ஏதாவது தொலைஞ்சிடுச்சா?" என்றார். நாற்பதாவது ஹெர்ட்ஸ் தொலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

கல்லணையும் மேட்டூரும்

ஆம்ப்ளிஃபயருக்கு வருகிறேன். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனேன், இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்து. கிடைத்தது 3 டெசிபல். வால்யூம் குமிழைச் சற்றே திருப்பினால் வருவது. இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 87 டெசிபல் திறனுள்ள என் பழைய ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 87 டெசிபல் வந்துவிடும். வீட்டில் நாம் பெரும்பாலும் அந்த ஒரு வாட்டை ஒட்டித்தான் கேட்கிறோம். மீதி 99 வாட் முரசு, தவில் போன்ற திடீர் அடிகளுக்கு எப்போதாவது வேலைக்கு வரும். ஆம்ப்ளிஃபயரை மாற்ற நியாயமான காரணங்கள் சிலதான்: சத்தம் கூட்டினால் கரகரப்பது, அறை பெரியது, ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமுக்கும் கீழே இறங்குவது, அல்லது கருவி கிழடாகி உள்ளே கெபாசிட்டர்கள் வற்றிப்போவது. கடைசிக்கு மெக்கானிக் பாய் போதும்.

கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் 'நன்றாக' ஒலிப்பதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவராமல் செய்யும் எந்த ஒப்பீடும் செல்லாது.

தொடக்கக் கருவியில் காசு போடுவதற்கு இன்றும் தகுதி உள்ளது இசைத்தட்டு ஒன்றுதான். அதிலும் முதலில் ஊசி. ஊசியின் ஆயுள் ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரம். தேய்ந்த ஊசி தட்டையே செதுக்கிவிடும். ஊசி அழுத்தும் எடை பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு இரண்டு கிராமை ஒட்டித்தான். சில நூறு ரூபாய்த் தராசில் அதைச் சரிபார்க்கலாம். டிஜிட்டலில் 68,000 கொடுத்து வாங்கிய டாக்கையும் என் மகளின் கைப்பேசியோடு வந்த குட்டி டாக்கையும் சத்தம் சமமாக்கிக் கேட்டேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாய்க்கால்

கேபிளுக்கு ஒரு சோதனை வைத்தோம். அறையில் கொடி கட்டிப் பெட்ஷீட் தொங்கவிட்டோம். அதன் பின்னால் என் மனைவி. ஒரு பக்கம் 18,500 ரூபாய் கேபிள்; மறுபக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அவள் நாணயம் சுண்டிப் பார்த்து ஒன்றை மாட்டுவாள். நான் சொல்ல வேண்டும். பத்து முறை. ஐந்து சரி, ஐந்து தவறு. "நான் சுண்டிவிட்ட காசே இதைச் சொல்லியிருக்குமே" என்றாள். கணக்கும் அவள் பக்கம்தான். அந்த வயரில் ஐந்து மீட்டர் தூரம், போகவும் வரவும் பத்து மீட்டர், மின்தடை 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஒரு சதவீதம்கூட இல்லை.

மின்சாரத்தில் காசு போட வேண்டியது பாதுகாப்புக்காக. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவானால் நல்ல ஸ்டெபிலைசர். எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், எர்த் கம்பியைப் பிடுங்கிவிடும் குறுக்கு வழி மட்டும் வேண்டாம். இரைச்சல் போகும், ஆளும் போகலாம். எல்லாக் கருவியையும் ஒரே பிளக் போர்டில் செருகினாலே பெரும்பாலும் தீரும்.

லெட்ஜரில் வராத இரண்டு பதிவுகள்

ஒன்று, மின்விசிறி. போனில் அளந்தேன்: மூன்றில் ஓடும்போது என் நாற்காலியில் 50 டெசிபல். நான் கேட்கும் பாட்டின் உச்சம் 85. ஆக, சி.டி. தரும் 96 டெசிபல் இடைவெளியில் எனக்கு மிஞ்சுவது 35. பித்தளைக் கூம்பு வாங்கியபோதெல்லாம் விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருச்சி வெயிலில் அதை நிறுத்திக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆடும் விசிறிக்குப் பதில் சத்தமில்லாத விசிறி வாங்குவதும் ஆடியோ அப்கிரேடுதான். மார்கழி இரவுகளில் நான் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.

இரண்டு, காது. எனக்கு 57 வயது. வயதாக ஆக மேல் சுரங்கள் கேட்காமல் போவது இயற்கை. என் காதுக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் வலது பக்கம் மந்தமாக இருந்ததற்குக் காரணம் அதுவல்ல. காது டாக்டர் பார்த்துவிட்டு, இறுகிப்போன குறும்பியை எடுத்தார். கட்டணம் 400 ரூபாய். அன்று இரவு வலது ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

தணிக்கை அறிக்கை

2006ஆம் ஆண்டின் முதல் ஜோடியைத் தொடக்க மூலதனமாக வைத்துக்கொள்கிறேன். கேபிள், கண்டிஷனர், ஆம்ப்ளிஃபயர், டாக், கூம்பு ஐந்தும் சேர்த்து 2,82,000 ரூபாய். மொத்தத்தில் ஏறத்தாழ 45 சதவீதம். இதை வாராக் கடன் என்று எழுதித் தள்ளிவிட்டேன். ஸ்பீக்கரும் சப்வூஃபரும் 2,62,000. வரவு உண்டு, சந்தோஷம். அளவு மைக்கும் அறை வேலையும் 26,000. ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் இதற்கு இணை எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் ஐயாயிரம் ரூபாய் சிஸ்டம் இருந்தாலும் ஐம்பது லட்ச ரூபாய் சிஸ்டம் இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் காசில்லாத வேலை: நாற்காலி, ஸ்பீக்கரின் இடம், சிவப்பு-கருப்பு. இரண்டாவது அறை. மூன்றாவது ஸ்பீக்கர். நான்காவது, தேவையானால், சப்வூஃபர். ஐந்தாவது, குறை இருந்தால் மட்டும், ஆம்ப்ளிஃபயர். ஆறாவது தொடக்கக் கருவி. இசைத்தட்டுக்காரர்கள் மட்டும் ஊசியை முன்னால் கொண்டுவரலாம். கேபிள் கடைசி.

எதை வாங்கினாலும் இரண்டு வாரம் கேட்டுவிட்டு, அதைக் கழற்றி வைத்துப் பழையதை மாட்டிப் பாருங்கள். பழையது உறுத்தவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால், மைக் இல்லாமல் ஒலிக்கும் ஒரு நாகஸ்வரத்தை ஏதாவது கோயில் பிராகாரத்தில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். அளவுகோல் கையில் இல்லாமல் அளக்கப் போகக் கூடாது.

அந்தப் புது ஆம்ப்ளிஃபயரை நான் வாங்கவில்லை. இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டு, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேளுங்கள். பில் வராது.